செறிவூட்டப்பட்ட முட்டையும் கோழிக்கறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்பொருள் அங்காடியின் முட்டை அடுக்கில் இப்போது இரண்டு வகை. ஒன்று, முப்பது குழி அட்டையில் அடுக்கி வைத்திருக்கும் வழக்கமான வெள்ளை முட்டை. மற்றொன்று, ஆறு முட்டை கொண்ட அழகான பெட்டி. அதன்மேல் ‘ஒமேகா-3’, ‘வைட்டமின் டி’, ‘செலினியம்’ என்று ஏதாவது ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். விலை ஏறக்குறைய இரு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். கோழித் தீவனம் கலக்கும் இடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பெட்டியைப் பற்றி உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முட்டைக்குள் ஊசி போட்டுச் சத்தை ஏற்றுகிறார்களா?

இல்லை. ஓட்டில் ஊசி நுழைந்தால் அந்த முட்டை சில நாள்களில் அழுகிவிடும். சத்து ஏறுவது தீவனத்தின் வழியாக மட்டுமே.

நியாயவிலைக் கடையில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த அரிசி மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலக்கிறார்கள். எவ்வளவு போட்டார்களோ அவ்வளவு மூட்டைக்குள் இருக்கும். முட்டை அப்படியல்ல. இடையில் உயிருள்ள கோழி ஒன்று இருக்கிறது. முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும்: மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல், கொஞ்சம் கருவாட்டுத் தூள், வைட்டமின் கலவை. அதில் எதை மஞ்சள் கருவுக்கு அனுப்புவது, எதைத் தன் உடம்பில் வைத்துக்கொள்வது, எதை எச்சத்தில் தள்ளுவது என்று கோழியின் உடல்தான் தீர்மானிக்கும். நாம் கொட்டுவதெல்லாம் முட்டைக்கு வராது.

அப்படியானால் எந்தச் சத்து வரும், எது வராது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பெட்டியின் மேல் உள்ள பாதி விளம்பரத்தை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

முட்டை நமக்காக உருவானதல்ல, குஞ்சுக்காக உருவானது. 21 நாள்களில் ஒரு குஞ்சு வளர என்னென்ன தேவையோ அதைத்தான் கோழி உள்ளே வைக்கிறது. கொழுப்பில் கரையும் சத்துகள் மஞ்சள் கருவோடு எளிதாகப் போய்ச் சேரும். வைட்டமின் ஏ, டி, இ, கண்ணுக்கு நல்லதென்று சொல்லப்படும் லூட்டீன், ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் எல்லாம் இந்த வகை. தீவனத்தில் கூட்டினால் முட்டையிலும் கூடும். அயோடின், செலினியம், வைட்டமின் பி12 ஆகியவையும் நன்றாக ஏறும். ஃபோலேட் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை உயரும், பிறகு எவ்வளவு போட்டாலும் நின்றுவிடும்.

இரும்பும் துத்தநாகமும் பிடிவாதக்காரர்கள். தீவனத்தில் அள்ளிப் போட்டாலும் முட்டையில் சொற்பமே கூடும். சுண்ணாம்புச்சத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு முட்டைக்காகக் கோழி செலவழிக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் ஓட்டுக்குப் போய்விடுகிறது. நாம் சாப்பிடும் பகுதியில் மிஞ்சுவது 25 முதல் 30 மில்லிகிராம் வரைதான். ‘கால்சியம் முட்டை’ என்று யாராவது விற்றால், ஓட்டையும் சேர்த்துத் தின்னச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

வைட்டமின் சி முட்டையில் இல்லவே இல்லை. கோழி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். கருவில் இருக்கும் குஞ்சும் அப்படியே. எனவே முட்டைக்குள் அதை வைத்து அனுப்ப வேண்டிய தேவை கோழிக்கு இல்லை.

ஒமேகா-3 முட்டையில் உண்மையில் எவ்வளவு இருக்கும்?

ஒமேகா-3 என்பது ஒரே பொருள் அல்ல. ஆளிவிதை போன்ற தாவரங்களில் இருப்பது ஏ.எல்.ஏ. மீனில் இருப்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. மூளையும் விழித்திரையும் அதிகம் பயன்படுத்துவது டி.எச்.ஏ.-வைத்தான். மனித உடல் ஏ.எல்.ஏ.-வை டி.எச்.ஏ.-வாக மாற்றும், ஆனால் மிகக் குறைவாக. கோழியின் கல்லீரல் இந்த வேலையில் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆளிவிதையைக் கோழிக்குப் போட்டு முட்டையை நாம் சாப்பிடுவதில் உள்ள நியாயம் இதுதான்.

சாதாரண முட்டையில் டி.எச்.ஏ. 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். ஆளிவிதை தின்ற கோழியின் முட்டையில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை உயரும். அதோடு ஏ.எல்.ஏ. 250 முதல் 350 மில்லிகிராம் இருக்கும். மீன் எண்ணெயோ நுண்பாசியோ சேர்த்த தீவனமாக இருந்தால் டி.எச்.ஏ. இன்னும் கூடும்.

இப்போது மீன் சந்தைக்கு வாருங்கள். 100 கிராம் மத்தி மீனில் இ.பி.ஏ.-வும் டி.எச்.ஏ.-வும் சேர்ந்து 1,000 மில்லிகிராமைத் தாண்டும். ஒருவேளை மத்திக் குழம்பு, பத்து ஒமேகா-3 முட்டைக்குச் சமம். வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை, நெத்திலி சமைக்கும் வீட்டுக்கு இந்தப் பெட்டியால் பெரிய இலாபம் எதுவும் இல்லை. மீன் வாசனையே ஆகாது, ஆனால் முட்டை சாப்பிடுவோம் என்கிறவர்களுக்குத்தான் இது உண்மையில் பொருத்தம். கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. மீன் சாப்பிடாத கர்ப்பிணிக்கு இரண்டு ஒமேகா-3 முட்டை அந்தக் கணக்கை ஏறக்குறைய நிரப்பும்.

ஆளிவிதையை நாமே நேரடியாகச் சாப்பிட்டால் என்ன?

தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் ஏறக்குறைய 1.6 கிராம் ஏ.எல்.ஏ. இருக்கிறது. ஐந்து ஒமேகா-3 முட்டையில் உள்ள ஏ.எல்.ஏ.-வுக்கு அது சமம், விலையோ மிகக் குறைவு. இட்லிப் பொடியில் சேர்த்து இடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கிடைக்காதது டி.எச்.ஏ. மட்டும்தான்.

கோழித் தீவனத்தை மாற்றினால் முட்டை மாறும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1989-இல் ஆர்ட்டெமிஸ் சிமோபோலஸ் என்ற மருத்துவர், கிரேக்க நாட்டுப் பண்ணை ஒன்றில் திறந்தவெளியில் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து முடிவை வெளியிட்டார். அமெரிக்கக் கடை முட்டையில் ஒமேகா-6 என்ற வேறு வகைக் கொழுப்பு அமிலம், ஒமேகா-3-ஐப்போல் ஏறக்குறைய 20 மடங்கு இருந்தது. கிரேக்க முட்டையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. அந்தக் கோழிகள் தின்றது புல், பூச்சி, உலர்ந்த அத்திப்பழம், அவற்றோடு தோட்டத்தில் தானாக முளைக்கும் பருப்புக்கீரை. நம் வயல் வரப்பில் களையென்று பிடுங்கி எறியும் அதே பருப்புக்கீரைதான். இலைக்கீரைகளில் ஒமேகா-3 மிகுந்த சிலவற்றில் அதுவும் ஒன்று.

தொழில்துறை இதைப் பிடித்துக்கொண்டு, கூண்டில் இருக்கும் கோழிக்கு ஆளிவிதையும் மீன் எண்ணெயும் கொடுத்து அதே விளைவைப் பெட்டியில் அடைத்தது. குறையாகச் சொல்லவில்லை. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் நாமக்கல் வட்டாரத்தில் எல்லாக் கோழிகளையும் வரப்பில் மேயவிட முடியாது.

வைட்டமின் டி முட்டை பயன் தருமா?

தரும், ஆனால் அளவைப் பாருங்கள். சாதாரண முட்டையில் சுமார் 40 யூனிட் வைட்டமின் டி இருக்கிறது. இந்தியப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளின் தேவை 600 யூனிட். செறிவூட்டிய முட்டையில் நான்கைந்து மடங்கு இருந்தாலும் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான். குறைபாடு இரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டால் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைதான் சரி. முட்டை துணைக்கு மட்டும்.

வெயிலுக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பு சுவாரசியமானது. வெளியே மேயும் கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி, கொட்டகைக்குள் அடைத்த கோழியைவிட மூன்று நான்கு மடங்கு இருந்ததை ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் காட்டின. உடம்பெல்லாம் இறகு மூடியிருக்க, வெயிலை எங்கே வாங்குகிறது கோழி? காலில். இறகில்லாத கால் தோலில்தான் வைட்டமின் டி-யாக மாறும் மூலப்பொருள் நிறைந்திருக்கிறது.

மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சத்து அதிகமா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் மக்காச்சோளமும் செண்டுமல்லிப் பூவின் சாறும் தீவனத்தில் இருந்தால் கரு அடர் நிறமாகும். செண்டுமல்லியில் இருக்கும் லூட்டீன் உண்மையில் நல்ல பொருள்தான். ஆனால் நிறத்துக்காகவே செயற்கை நிறமிகளும் தீவனத்தில் சேர்க்கப்படுவது உண்டு. பண்ணைக்காரர்கள் கையில் நிற அளவுகோல் விசிறி ஒன்று இருக்கும். வாங்குபவர் எந்த எண் கேட்கிறாரோ அந்த எண்ணுக்குக் கருவைக் கொண்டுவர அவர்களால் முடியும். வெளிறிய கரு கொண்ட முட்டையிலும் புரதம் அதே 6 கிராம்தான்.

ஓட்டின் நிறம் அதைவிடப் பொருளற்றது. பழுப்பு ஓடு கோழியின் இனத்தைச் சொல்லும், சத்தைச் சொல்லாது.

மகளுக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து முட்டை கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், கேட்பவர் மேல் அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இத்தனை பெரிய குறையை வைத்துக்கொண்டு முட்டைப் பெட்டியில் இரும்பு என்று அச்சடிப்பது நியாயமில்லை.

ஒரு முட்டையில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வயதுவந்த பெண்ணுக்கு நாள் பரிந்துரை 29 மில்லிகிராம். இருக்கும் கொஞ்சமும் மஞ்சள் கருவில் உள்ள ஃபாஸ்விட்டின் என்ற புரதத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால் குடலில் எளிதில் சேராது. தீவனத்தில் இரும்பைக் கூட்டினாலும் நிலைமை பெரிதாக மாறாது.

அதே கறிக்கடையில் கோழி ஈரல் கேளுங்கள். 100 கிராம் ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு, அதுவும் உடல் எளிதில் ஏற்கும் வகையும் கலந்தது. பி12, ஃபோலேட், வைட்டமின் ஏ எல்லாம் கொட்டிக் கிடக்கும். யாரும் செறிவூட்டாமலேயே இயற்கை செறிவூட்டி வைத்திருக்கும் கோழி உறுப்பு அது. கறியைவிட மலிவும்கூட. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, பக்கத்தில் எலுமிச்சை பிழிந்து வையுங்கள். வாரம் ஒருமுறை போதும். கர்ப்பிணிகள் மட்டும் அளவோடு நிற்க வேண்டும். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் கருவுக்கு ஆகாது. இரத்தசோகை மருத்துவர் கண்டுபிடித்ததாக இருந்தால் அவர் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

செறிவூட்டிய கோழிக்கறி வாங்கலாமா?

பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் கடைக்கு வந்துவிடுகிறது. அதற்குள் தீவனத்தின் வழியாக ஏறும் ஒமேகா-3 பெரும்பாலும் கொழுப்பில் தங்கும். கோழியில் கொழுப்பு அதிகம் இருப்பது தோலிலும் தொடையிலும். நாம் தோலை உரித்துவிட்டு, நெஞ்சுக்கறியைத் தேடி வாங்குபவர்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய சத்தின் கணிசமான பகுதி கடைக்காரரின் குப்பைக் கூடைக்குப் போகிறது. செலினியமும் வைட்டமின் இ-யும் சதையில் ஓரளவு ஏறும். ஆனாலும் கறி வாங்குவது புரதத்துக்காக. அந்தப் புரதம் எந்தக் கோழியிலும் ஒன்றுதான்.

கொழுப்பில்லாத முட்டை, கொலஸ்ட்ரால் குறைந்த முட்டை என்கிறார்களே?

நம்பாதீர்கள். ஒரு மஞ்சள் கருவில் 180 முதல் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கும். குஞ்சு உருவாக அது கட்டாயம் வேண்டும். எனவே கோழி அதை விட்டுக்கொடுக்காது. தீவனத்தை மாற்றிச் சிறு அளவு குறைக்கலாம், அவ்வளவே. ஒமேகா-3 முட்டையிலும் கொலஸ்ட்ரால் அதேதான். இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாளுக்கு எத்தனை முட்டை என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹார்மோன் ஊசி?

முட்டைக் கோழிக்கும் பிராய்லருக்கும் வளர்ச்சி ஹார்மோன் போடுவதில்லை. பல்லாயிரம் கோழிகளுக்கு ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது. வேகமான வளர்ச்சி இனத்தேர்வாலும் தீவனத்தாலும் வருவது. கவலைப்பட வேண்டியது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றித்தான். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் பயன்படுத்த இந்தியா 2019-இல் தடை விதித்தது.

வளரும் குழந்தைக்கு எது நல்லது: சாதாரண முட்டையா, செறிவூட்டியதா?

கையில் இருக்கும் பணத்தைப் பொறுத்தது. ஒரு செறிவூட்டிய முட்டையின் விலைக்கு இரண்டு சாதாரண முட்டை கிடைத்தால் நான் இரண்டைத்தான் வாங்குவேன். 12 கிராம் முழுமையான புரதம், மூளைக்கு வேண்டிய கோலின் என்ற சத்து ஏறக்குறைய 290 மில்லிகிராம், ஒரு மைக்ரோகிராம் பி12. வளரும் உடம்புக்கு இவை ஒமேகா-3-ஐவிட முந்திய தேவை.

ஈக்வடார் நாட்டில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு நாளொரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் வயதுக்கேற்ற உயரமின்மை 47 சதவீதம் குறைந்திருந்தது. கொடுத்தது சாதாரண முட்டை. மலாவி நாட்டில் இதேபோல் செய்து பார்த்தபோது வளர்ச்சியில் அந்த மாற்றம் தென்படவில்லை. அங்கே குழந்தைகள் முன்பே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லாத வீட்டில்தான் முட்டை அதிசயம் செய்யும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1982-இல் தொடங்கிய எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு படிப்படியாகக் கூடி பள்ளி நாள்தோறும் ஒன்றானது. தட்டில் விழுவது பெட்டி முட்டையல்ல, நாமக்கல் பண்ணைகளின் சாதாரண வெள்ளை முட்டை.

பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ‘ஒமேகா-3 நிறைந்தது’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை, ‘ஒரு முட்டையில் டி.எச்.ஏ. இத்தனை மில்லிகிராம்’ என்ற எண்ணுக்குத்தான் மதிப்பு. ஏ.எல்.ஏ.-வையும் டி.எச்.ஏ.-வையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டிருந்தால் பெரும்பகுதி ஏ.எல்.ஏ. என்று எடுத்துக்கொள்ளலாம். அளவு ஒரு முட்டைக்கா, 100 கிராமுக்கா என்று பாருங்கள். 100 கிராம் என்பது இரண்டு முட்டை, எண் இரட்டிப்பாகத் தெரியும். பொதி செய்த தேதியும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

எப்படிச் சமைத்தால் சத்து வீணாகாது?

வேகவைப்பது நல்லது. அதிக எண்ணெயில் பொரித்தால், காசு கொடுத்து வாங்கிய ஒமேகா-3-க்கு மேல் சூரியகாந்தி எண்ணெயின் ஒமேகா-6-ஐ நாமே ஊற்றிக்கொள்கிறோம். பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். சால்மொனெல்லா கிருமி ஒருபுறம், பயோட்டின் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அவிடின் என்ற வெள்ளைக்கருப் புரதம் மறுபுறம். வெந்தால் இரண்டும் அடங்கிவிடும்.

ஒமேகா-3 முட்டையில் மீன் வாடை வருகிறதே, கெட்டுப்போனதா?

கெட்டதல்ல. தீவனத்தில் மீன் எண்ணெயோ ஆளிவிதையோ அதிகமானால் இலேசாக வாடை வரும். பழுப்பு முட்டையிடும் சில கோழிகளுக்கு மரபிலேயே ஒரு குறை உண்டு. மீன் வாடை தரும் பொருளை அவற்றின் உடல் சிதைக்காது, அது அப்படியே கருவுக்கு வந்துவிடும். அழுகிய முட்டையின் கந்தக நாற்றம் வேறு, முகர்ந்தாலே தெரியும்.

வீட்டில் நான்கு நாட்டுக்கோழி வளர்க்கிறோம். நாங்களே செய்யலாமா?

செய்யலாம், பெட்டி முட்டையைவிடச் சிறப்பாகவே. பகலில் வெயிலில் மேயவிடுங்கள், வைட்டமின் டி பார்த்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, பருப்புக்கீரை, செண்டுமல்லி இதழ் ஆகியவற்றைக் கிள்ளிப் போடுங்கள். ஆளிவிதையை இலேசாக வறுத்து, பொடித்து, தீவனத்தோடு கலந்து கொடுக்கலாம். பச்சையாகக் கொடுக்க வேண்டாம், அதில் கோழிக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டு. வறுத்தால் அவற்றில் சில குறையும். ஒரு கோழிக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். அளவு மீறினால் தீவனம் எடுப்பதும் முட்டையும் குறையும்.

மறுநாளே மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு மஞ்சள் கரு பருக்க ஏறக்குறைய பத்து நாள் எடுக்கும், அடுக்கடுக்காக. செண்டுமல்லி போட ஆரம்பித்த சில நாள்களில் நிறம் ஏறத் தொடங்கும். ஒமேகா-3 நிலைபெற இரண்டு மூன்று வாரம் ஆகும். இடையில் பக்கத்து வீட்டுப் பூந்தோட்டத்துக்குள் உங்கள் கோழி நுழைந்தால், செண்டுமல்லி வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம், சண்டை தனி.